8 கலைப் பிசகு: கெப்ளர் ஏன் தன் கணக்கைத் தானே தூக்கிப் போட்டார்?

செவ்வாய்ப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

ஐரோப்பாவில் அறிவியல் எப்போது புரண்டு படுத்தது என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளைச் சொல்வார்கள். ஒன்று 1543, கோப்பர்நிக்கஸின் நூல் நியூரம்பர்க்கில் அச்சான ஆண்டு. இன்னொன்று 1610, வியாழனின் நிலாக்களைத் தொலைநோக்கியில் கண்டதைக் கலிலியோ புத்தகமாகப் போட்ட ஆண்டு. இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. என் ஓட்டு, 1600-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் பிராக் நகரத்தில் ஒரு மேசைமேல் நடந்த சங்கதிக்குத்தான்.

கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார், உண்மை. ஆனால் வட்டத்தை விடவில்லை. வானத்தில் உள்ளதெல்லாம் வட்டத்தில், சீரான வேகத்தில்தான் போகும் என்ற கிரேக்கர் காலத்து நம்பிக்கையில் அவர், பூமியை நடுவில் வைத்த பழங்கால வானியலாளர் தாலமியைவிடக் கறார். வட்டத்தின்மேல் குட்டி வட்டம் ஏற்றித்தான் அவரும் ஒப்பேற்றினார்.

1600 பிப்ரவரியில் ஜெர்மன்காரரான யோகான்னஸ் கெப்ளர், டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயைத் தேடி வந்தார். வயது 28. டைக்கோ அவர் கையில் செவ்வாயைக் கொடுத்தார். இருப்பதிலேயே முரண்டு பிடிக்கிற கோள் அது. எட்டு நாளில் முடித்துவிடுகிறேன் என்று கெப்ளர் பந்தயம் கட்டினார். ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில், 1601 அக்டோபரில், டைக்கோ இறந்துபோனார். அவருடைய நோட்டுகளை வாரிசுகள் கவனிக்காத நேரம் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டேன் என்று கெப்ளரே பிற்பாடு கடிதத்தில் ஒத்துக்கொள்கிறார்.

பழைய முறைப்படி வட்டப்பாதை, சூரியன் மையத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வேகம் சீராகத் தெரியும் புள்ளி எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். நேர்வழியில் தீர்க்க முடியாத கணக்கு. ஒரு மதிப்பை ஊகித்து, போட்டுப் பார்த்து, திருத்தி, மறுபடி போட வேண்டும். “இந்த முறை உங்களுக்குச் சலிப்பூட்டினால், இதைக் குறைந்தது எழுபது தடவை செய்த என்மேல் இரக்கம் காட்டுங்கள்” என்று புத்தகத்திலேயே வாசகரிடம் கேட்கிறார். கடைசியில் கணக்கு வந்தது. செவ்வாய் எந்தத் திசையில் நிற்கும் என்பது டைக்கோவின் அளவுகளோடு 2 கலைக்குள் ஒத்துப்போனது. (ஒரு பாகையை அறுபதாகப் பங்கு போட்டால் ஒன்று ஒரு கலை.) அதுவரை எவரும் எட்டாத துல்லியம் அது.

அங்கே நின்றிருக்கலாம். நிற்கவில்லை. வேறொரு வழியாகவும் சரிபார்த்தார். செவ்வாய் மேலும் கீழுமாக எவ்வளவு விலகுகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டால், சூரியனும் அந்த வேகப்புள்ளியும் மையத்திலிருந்து சம தூரத்தில் இருந்தாக வேண்டும் என்று தெரிந்தது. அப்படி வைத்தால் திசையில் 8 கலை உதைத்தது. முழுநிலாவின் அகலம் சுமார் 30 கலை. அதில் கால் பங்கு, அவ்வளவுதான்.

தாலமியின் அளவுகள் 10 கலை வரை பிசகக்கூடியவை. வேறு யாராக இருந்தாலும் “10-க்குள்தானே இருக்கிறது” என்று கட்டி வைத்திருப்பார்கள். கெப்ளர் அதைத்தான் எழுதுகிறார்: 8 கலையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நான் நினைத்திருந்தால் ஒட்டுப்போட்டு முடித்திருப்பேன்; ஆனால் இறைவன் நமக்கு டைக்கோ போன்ற ஒருவரைக் கொடுத்திருக்கிறார், அவர் அளவில் 8 கலை தப்பு வராது; ஆகவே இந்த 8 கலை மட்டுமே வானியல் முழுவதையும் திருத்தி அமைக்க வழிகாட்டியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தன் சொந்த உழைப்பைவிட இன்னொருவருடைய அளவுக்கு அதிக மதிப்புக் கொடுத்த மனிதர். என்னைப் பொறுத்தவரை புது அறிவியல் பிறந்த இடம் அதுதான். உங்கள் கருத்து என்ன?

---

கேள்விக்குறி

அருமையான பதிவு. ஒரு சந்தேகம் அண்ணா. டைக்கோவின் தொலைநோக்கியே தப்பாகக் காட்டியிருக்கலாமே? கண்ணாடி சரியில்லாமல்கூட 8 கலை வித்தியாசம் வரலாம் அல்லவா? கெப்ளர் அதை எப்படி நம்பினார்?

---

நிலாமுற்றம்

தம்பி, டைக்கோவிடம் தொலைநோக்கியே கிடையாது. அது ஹாலந்தில் வெளியே தெரிய வந்தது 1608-இல். டைக்கோ போனது 1601-இல். எல்லாம் வெறும் கண்.

எப்படி நம்பினார் என்று கேட்டது நல்ல கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டென்மார்க் அரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1576-இல் டைக்கோவுக்கு ஹ்வேன் என்ற தீவையே கொடுத்தார். அங்கே யுரேனிபோர்க் என்று ஒரு மாளிகை கட்டி 20 வருடம் வானத்தை அளந்தார். காற்றில் கருவிகள் ஆடக்கூடாது என்று பிற்பாடு தரைக்கடியில் குழி வெட்டி இன்னொரு ஆய்வகமும் கட்டினார். தீவிலேயே சொந்த அச்சுக்கூடம், காகித ஆலை எல்லாம் உண்டு.

அவருடைய கருவிகளில் பேர்போனது சுவரில் பதித்த கால்வட்டம். பித்தளை வில், ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். எதிர்ச்சுவரில் ஒரு சின்னத் திறப்பு. விண்மீன் அந்தத் திறப்புக்கு நேராக வரும்போது ஒருவர் வில்லின்மேல் நகரும் குறிபார்க்கும் தகட்டில் கண்ணை வைத்து நிலையைச் சொல்வார், ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொல்வார், இன்னொருவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதிக்கொள்வார். 2 மீட்டர் ஆரமுள்ள வில்லில் ஒரு கலை என்பது அரை மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த அரை மில்லிமீட்டரையும் பிரித்துப் படிக்க, கோடுகளுக்கு இடையே சாய்வாகப் புள்ளிகள் போட்டு வைத்திருந்தார். அடிவானத்துக்கு அருகே ஒளி காற்றில் வளைவதற்குத் தனியே திருத்தம். ஒரே விண்மீனை வெவ்வேறு கருவிகளில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இருந்தது. நல்ல நாளில் அவர் அளவு ஒரு கலைக்கு உள்ளேயோ அதை ஒட்டியோ நிற்கும். கெப்ளர் நம்பியதில் வியப்பே இல்லை.

இழை தொடங்கியவரிடம் எனக்கு ஒரு மனக்குறை. டைக்கோவை வெறும் அளவுக்காரராகவே எல்லோரும் பேசுகிறார்கள். பூமி நகர்வதை அவர் ஏற்கவில்லை என்பதற்காக ஒரு படி இறக்கி வைக்கிறார்கள். அவர் ஏற்காததற்கு வலுவான காரணம் இருந்தது. பூமி சூரியனைச் சுற்றினால் ஆறு மாதத்தில் விண்மீன்களின் இடம் கொஞ்சமாவது மாறித் தெரிய வேண்டும். தேடிப் பார்த்தார், மாறவில்லை. நேர்மையான முடிவு அது. அந்த மாற்றத்தைக் கடைசியில் ஜெர்மன் வானியலாளர் பெசல் அளந்தது 1838-இல். சுமார் மூன்றில் ஒரு விகலை (ஒரு கலையில் அறுபதில் ஒன்று ஒரு விகலை), அதாவது டைக்கோவின் ஒரு கலையைவிட 180 மடங்கு சிறிது. வெறும் கண்ணால் யாருக்குத் தெரியும்?

---

கணக்கு வாத்தியார்

பள்ளிப் பாடப்புத்தகங்களில் கோளின் பாதையைக் கோழிமுட்டை மாதிரி நீட்டிப் போட்டு வைத்திருப்பதால் பிள்ளைகளுக்குக் கெப்ளர் செய்ததன் அருமை தெரிவதே இல்லை. நான் வகுப்பில் செய்யச் சொல்வது இது. ஒரு தாளில் 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். செவ்வாயின் மையத்தொலைத்தகவு (சூரியன் மையத்திலிருந்து ஆரத்தில் எத்தனை பங்கு தள்ளி இருக்கிறது என்ற அளவு) 0.093. அப்படியானால் சூரியன் மையத்திலிருந்து 9.3 மி.மீ. தள்ளி இருக்கும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஆனால் பாதையின் குறுகிய பக்கம்? 100 மி.மீ.க்குப் பதில் 99.57. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கூர் மழுங்கிய பென்சில் என்றால் வட்டமும் நீள்வட்டமும் ஒரே கோட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருந்ததைத்தான் கெப்ளர் வெளியே எடுத்தார். எடுத்த விதம் இன்னும் சுவை. வட்டத்துக்கும் உண்மைப் பாதைக்கும் நடுவே மிஞ்சும் பிறையின் அகலம், ஆரத்தை 1 என்று வைத்தால், 0.00429 என்று கண்டிருந்தார். வேறொரு வேலையாக 5 பாகை 18 கலைக் கோணத்தின் வெட்டுக்கோட்டு (secant) மதிப்பைப் பார்க்க நேர்ந்தது: 1.00429. அதே எண்! தூக்கத்திலிருந்து விழித்துப் புது வெளிச்சத்தைக் கண்டவன்போல் ஆனேன் என்கிறார். அதற்குப் பிறகும் முட்டி மோதித்தான் நீள்வட்டத்துக்கு வந்து சேர்ந்தார். நடுவில் முட்டை வடிவத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். “இது மட்டும் சரியான நீள்வட்டமாக இருந்தால் ஆர்க்கிமிடீஸிலும் அப்போலோனியஸிலும் எல்லா விடையும் இருக்குமே” என்று நண்பர் ஃபாப்ரீசியஸுக்கு எழுதுகிறார். விடை அதுதான் என்று அப்போது தெரியவில்லை. வெளியானது 1609-இல்.

---

வரலாற்று மாணவி

குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். எனக்கும் கெப்ளர்மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் “அளவு பிசகியது, கொள்கையை விட்டார், உண்மை கிடைத்தது” என்று நேர்கோடாகச் சொன்னால் அந்த மனிதரைப் பாதியாக வெட்டிவிடுகிறோம்.

8 கலை அவரிடம் “இது தப்பு” என்று மட்டும்தான் சொன்னது. எது சரி என்று சொல்லவில்லை. ஒட்டுப்போட இன்னும் எத்தனையோ குட்டி வட்டங்கள் இருந்தன. அவற்றை அவர் ஏன் தொடவில்லை? சூரியன்தான் கோள்களைத் தள்ளுகிறது, அங்கிருந்து ஏதோ ஒரு விசை வருகிறது என்று அவர் உறுதியாக நம்பினார். 1600-இல் வந்த கில்பர்ட்டின் காந்த ஆராய்ச்சி அவருக்குப் பெரிய துணை. வெற்றிடத்தில் ஒரு புள்ளியைச் சுற்றி ஒரு கோள் எப்படிச் சுற்றும், அங்கே தள்ள யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வானியலில் அந்தக் கேள்வியே புதிது. அதுவரை வானியலாளரின் வேலை நிலையைக் கணிப்பது, காரணம் கேட்பது தத்துவக்காரர் வேலை. அந்த வேலியைப் பிடுங்கியதைத்தான் நான் பெரிய மாற்றம் என்பேன். புத்தகத் தலைப்பிலேயே “காரணங்களின் அடிப்படையில் அமைந்த புதிய வானியல்” என்று போடுகிறார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீள்வட்டத்தைச் சரிபார்க்க அவர் கொடுத்த தூர அட்டவணை ஒன்று இருக்கிறது. டைக்கோவின் அளவுகளிலிருந்து தனியாகப் பெற்ற எண்கள்போல் அதை முன்வைக்கிறார். 1988-இல் வில்லியம் டோனஹ்யூ அந்தக் கணக்குகளைத் திரும்பப் போட்டுப் பார்த்து, அவை கொள்கையிலிருந்தே கணக்கிட்டு எழுதப்பட்டவை என்று காட்டினார். முடிவு சரி, கொள்கை சரி. ஆனால் அளவுக்குத் தலைவணங்கியவர் என்று மட்டும் அவரைச் சொல்லிவிட முடியாது.

---

செவ்வாய்ப்பித்தன்

டோனஹ்யூவின் கட்டுரையைப் பற்றி நானே எழுதியிருக்க வேண்டும். விட்டது என் தவறு. காரணம் கேட்டதுதான் பெரிய திருப்பம் என்பதில் முக்கால்வாசி உங்கள் பக்கம் வந்துவிட்டேன். ஆனால் அந்தக் கால்வாசியை விட மாட்டேன். சூரியவிசை நம்பிக்கை அவரிடம் 1596-இல் எழுதிய முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. அதே புத்தகத்தில் ஐந்து சீர்திண்மங்களை (எல்லா முகமும் ஒரேமாதிரி இருக்கும் கனவடிவங்களை) ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி, கோள்களின் தூரத்துக்கு அதுதான் காரணம் என்றும் சொல்கிறார். அழகான கற்பனை, முழுத் தப்பு. அதையும் சாகும்வரை விடவில்லை. கற்பனைக்கு அவரிடம் என்றுமே பஞ்சமில்லை. அதில் எது தேறும், எது தேறாது என்று பிரித்துக் கொடுத்தது டைக்கோவின் நோட்டுதான்.

இதற்கு எனக்குப் பிடித்த சான்று ஒன்று. செவ்வாய் 687 நாளில் ஒரு சுற்று முடிக்கிறது. ஆகவே 687 நாள் இடைவெளியில் செவ்வாய் அதே இடத்துக்கு வந்து நிற்கும், பூமி மட்டும் வேறிடத்தில் இருக்கும். டைக்கோவின் நோட்டில் அப்படிப்பட்ட நாள்களைத் தேடிப் பொறுக்கி, செவ்வாயை நிலையான விளக்குக்கம்பமாக வைத்துக்கொண்டு, பூமியின் பாதையை அளந்தார். செவ்வாயில் உட்கார்ந்து பூமியைப் பார்ப்பதற்குச் சமம். 20 வருடக் குறிப்பு தொடர்ச்சியாக இல்லாவிட்டால் இந்த யோசனையை வைத்து என்ன செய்திருப்பார்?

---

ஈயஎழுத்து

நான் முப்பது வருடம் கம்போசிட்டர். அச்சுக்கோத்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்.

1563-இல் டைக்கோவுக்கு வயது 16. சட்டம் படிக்க லைப்சிக்குக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஆகஸ்டில் வியாழனும் சனியும் ஒன்றுசேர்ந்தன. கோள்களின் நிலையைச் சொல்லும் பழைய அல்போன்சோ அட்டவணை ஏறக்குறைய ஒரு மாதம் தவறியது. கோப்பர்நிக்கஸ் முறையில் போட்ட புது அட்டவணையும் சில நாள் தவறியது. அதைப் பார்த்துத்தான் அந்தப் பையன் அளப்பதையே வாழ்க்கையாக எடுத்துக்கொண்டான். ஒரு மாணவனின் மேசையில் இரண்டு அட்டவணையும் பக்கத்தில் பக்கத்தில் எப்படி வந்தன? அச்சில் வந்ததால்தானே! கைப்பிரதிக் காலமாக இருந்தால், தப்பு அட்டவணையிலா, படியெடுத்தவர் கையிலா என்றே தெரிந்திருக்காது.

டைக்கோவின் அளவையும் கெப்ளரின் நீள்வட்டத்தையும் சேர்த்துப் போட்ட ரூடால்ஃபு அட்டவணைகள் அச்சான கதையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. டைக்கோ குடும்பத்தோடு தகராறு. அரசவையிலிருந்து வரவேண்டிய சம்பளப் பாக்கி மலைபோல் நிற்கிறது. முப்பதாண்டுப் போர் வேறு. லின்ஸ் நகரத்தில் அச்சு வேலை தொடங்குகிறது. 1626-இல் உழவர் கிளர்ச்சிப்படை நகரத்தை முற்றுகையிட்டபோது அச்சுக்கூடமே எரிந்துபோகிறது. கெப்ளர் உல்ம் நகரத்துக்குப் போய், தன் கைக்காசைப் போட்டு, 1627-இல் அச்சடித்து முடிக்கிறார். எண்களுக்கென்று தனியாக எழுத்து வார்க்கச் சொன்னவரும் அவரே. பக்கம் பக்கமாக எண். கதைப் புத்தகத்தில் ஓர் எழுத்துத் தவறினால் வாசகரே திருத்திப் படித்துவிடுவார். அட்டவணையில் 3-க்குப் பதில் 8 விழுந்தால் யாருக்கும் தெரியாது, கப்பல் மட்டும் வேறு திசையில் போகும். அப்படிப்பட்ட புரூஃபை ஐம்பத்தைந்து வயதில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மனுஷன்.

முகப்புப் படத்தைத் தேடிப் பாருங்கள். வானியல் பெரியவர்கள் எல்லாரும் மண்டபத்தில் நிற்பார்கள். மேலே ராஜாளி காசு உதிர்க்கும். கீழே அடிமேடையில் சின்னதாக, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் மேசைமுன் உட்கார்ந்திருப்பார். அதுதான் கெப்ளர்.

---

நிலாமுற்றம்

ஐயா எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதே காலத்தில்தான் அவருடைய தாய் கத்தரினாமேல் சூனியக்காரி என்று குற்றம் சாட்டினார்கள். 1615-இல் பேச்சு கிளம்பியது. 1620-இல் எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாவைச் சங்கிலியில் கட்டிச் சிறையில் வைத்தார்கள், 14 மாதம். சித்திரவதைக் கருவிகளைக் கண்முன்னால் காட்டி மிரட்டினார்கள். அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. லின்ஸிலிருந்து வந்து, சாட்சிகள் ஒவ்வொருவர் சொன்னதையும் எழுத்தில் பிரித்து மறுத்து, 1621-இல் அம்மாவை வெளியே கொண்டுவந்தார் கெப்ளர். அடுத்த வருடமே அந்த அம்மா காலமானார். கோளின் தூரத்தையும் சுற்றுக்காலத்தையும் இணைக்கும் மூன்றாம் விதியை அவர் கண்டது 1618 மே மாதம். வழக்கு நடுவில்.

---

கேள்விக்குறி

இதெல்லாம் தெரியவே தெரியாது அக்கா. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் நீள்வட்டத்தை ஏற்றுக்கொண்டார்களா? கலிலியோ?

---

செவ்வாய்ப்பித்தன்

கலிலியோ கடைசிவரை வட்டத்தையே பிடித்துக்கொண்டார். 1632-இல் வந்த அவருடைய பெரிய புத்தகத்தில் நீள்வட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கெப்ளரை ஜெயிக்க வைத்தது வாதம் இல்லை, அட்டவணை. 1631 நவம்பர் 7-ஆம் தேதி புதன் சூரியனின் முகத்தைக் கடக்கும் என்று அதை வைத்துக் கணித்து, 1629-லேயே ஒரு சிறு வெளியீடாகப் போட்டு வானியலாளர்களை உஷார்ப்படுத்தியிருந்தார். அவர் 1630 நவம்பரில் ரேகன்ஸ்பர்க்கில் காலமானார். பாரிஸில் பியேர் கசாந்தி, கணிப்புக் கொஞ்சம் முன்பின் போகலாம் என்று இரண்டு நாள் முன்பிருந்தே காத்திருந்தார். மேகம். 7-ஆம் தேதி காலை, இருட்டறையில் காகிதத்தின்மேல் விழுந்த சூரிய உருவத்தில் ஒரு சின்னக் கரும்புள்ளி. இவ்வளவு சிறிதாகவா கோள் இருக்கும், சூரியக்கறையாக இருக்கும் என்று முதலில் விட்டுவிட்டார். புள்ளி வேகமாக நகர்ந்தபோதுதான் புரிந்தது. புதன் சூரியனைக் கடப்பதை முன்கூட்டிச் சொல்லி வைத்து ஒருவர் பார்த்தது அதுதான் முதல்முறை.

---

கேள்விக்குறி

வாத்தியார் சார், நீங்கள் சொன்னபடி இன்றைக்குத் தாளில் போட்டுப் பார்த்தேன். மையத்துக்கு இரண்டு பக்கமும் 9.3 மி.மீ. தள்ளி இரண்டு குண்டூசி, நடுவில் 20 செ.மீ. நூல். நீள்வட்டமும் வட்டமும் நிஜமாகவே ஒரே கோடு மாதிரி வந்துவிட்டது, பக்கவாட்டில் மட்டும் கோடு கொஞ்சம் தடித்திருக்கிறது. ஒரு ஊசியில் சூரியன். இன்னொரு ஊசியில் என்ன சார் இருக்கிறது?

---

கணக்கு வாத்தியார்

ஒன்றுமே இல்லை, வெறும் இடம். ஆனால் அந்த வெற்று ஊசியில் நின்று பார்த்தால் செவ்வாய் ஏறக்குறைய சீரான வேகத்தில் சுற்றுவதுபோல் தெரியும். தாலமி வைத்திருந்த வேகப்புள்ளி அதுதான். 1,400 வருடம் அது தாக்குப்பிடித்ததற்குக் காரணமும் அதுவே. முழுக்கச் சீராக இருக்காது, கொஞ்சம் முன்னே பின்னே போகும். மையத்தொலைத்தகவை வர்க்கப்படுத்தி நாலால் வகுத்துப் பாருங்கள், அதிகபட்ச விலகல் ரேடியனில் கிடைக்கும். அதைக் கலையாக மாற்றினால் ஏழரை வரும். கெப்ளரை உதைத்த அந்த 8-க்கு வெகு அருகில்.